கால்நடை டாக்டர் தந்த காற்று டயர்



ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றும் நேரம் வந்தால் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி டயர் நல்லது என்பதுதான். சில கார்களுக்கு நான்கு டயரையும் மாற்றினால் ஒரு ஸ்கூட்டர் வாங்கும் பணம் போய்விடுகிறது. அதனால் கேள்வி நியாயமானதுதான். பதிலுக்குப் போகும் முன், அந்தக் கம்பெனிப் பெயர்களில் ஒன்றுக்கு உரியவரான மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். அவர் பெயர் ஜான் பாய்டு டன்லப். அவர் கதையைத் தெரிந்துகொண்டால், டயர் கடையில் நீங்கள் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

பண்ணை வீட்டுப் பிள்ளை

டன்லப் 1840 பிப்ரவரி 5 அன்று ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் டிரெக்ஹார்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து, 19 வயதிலேயே தொழில் செய்யும் தகுதி பெற்றார். 1867ல் கடல் தாண்டி அயர்லாந்துக்கு வந்தார். முதலில் டவுன்பேட்ரிக் ஊரிலும், பிறகு பெல்ஃபாஸ்ட் நகரின் மே தெருவிலும் மருத்துவமனை நடத்தினார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பால், ரொட்டி, நிலக்கரி, மனிதர்கள் என்று ஊரில் நகர்வது எல்லாம் குதிரையின் முதுகை நம்பித்தான். குதிரைக்கு நோய் வந்தால் குடும்பத்தின் வருமானமே நின்றுவிடும். அதனால் டன்லப் வாசலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அயர்லாந்தின் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. நாற்பது வயதைக் கடந்தபோது அவர் தாடி வைத்த, நல்ல வருமானம் உள்ள, ஊர் மதிக்கிற டாக்டர். வண்டி செய்யும் தொழிலுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

முற்றத்தில் ஒரு சோதனை

அவருடைய மகன் ஜானிக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். பையனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. பெல்ஃபாஸ்ட் தெருக்களோ கருங்கல் பதித்தவை. கெட்டியான சக்கரத்தில் அந்தக் கல்லின் மேல் ஓட்டினால் உடம்பெல்லாம் ஆடிப்போகும். 1887ல், பையனின் வண்டியை எப்படி இலகுவாக ஓட வைப்பது என்று டன்லப் யோசிக்கத் தொடங்கினார்.

ரப்பர் தகட்டைக் குழாயாகச் சுருட்டி ஒட்டினார். ஒரு பெரிய மரத்தட்டின் விளிம்பில் அந்தக் குழாயைச் சுற்றி வைத்து, மேலே துணி போர்த்தி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்று ஏற்றினார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வண்டியில் மாட்டி மகனை ஏற்றி, சுகமாக இருக்கிறதா என்று கேட்டுத் திருப்தி அடையவில்லை. சைக்கிளின் பழைய சக்கரத்தையும் கழற்றி எடுத்து வந்து, இரண்டையும் ஒரே முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். பழைய சக்கரம் பாதியில் தள்ளாடி விழுந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தின் கடைசி வரை ஓடி, வாசல் தூணில் மோதித் திரும்பி வந்தது.

காரணம் எளிது. கெட்டியான சக்கரம் ஒரு சிறு கல்லைச் சந்தித்தால், சக்கரமும் வண்டியும் ஆளும் சேர்ந்து அந்தக் கல்லின் மேல் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு ஏற்றமும் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். காற்றுச் சக்கரமோ கல் பட்ட இடத்தில் மட்டும் உள்வாங்கி, கல்லை விழுங்கிவிட்டுப் போகும். வண்டி தூக்கப்படுவதில்லை. டன்லப் தேடியது மகனுக்குக் கொஞ்சம் சுகம். அதோடு வேகமும் சேர்ந்து கிடைத்தது. இன்று பந்தயக் கார் வரைக்கும் வந்திருக்கும் டயரின் கதை இந்த முற்றத்தில்தான் சூடு பிடித்தது.

சிரித்தவர்களும் தோற்றவர்களும்

1888ல் டன்லப் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அது கிடைத்தது. ஆனால் ஊருக்கு நம்பிக்கை வரவில்லை. மெல்லிய கெட்டி ரப்பர் சக்கரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பருத்து உப்பிய இந்த டயர் வேடிக்கையாக இருந்தது.

வில்லி ஹ்யூம் என்ற சைக்கிள் வீரர் மட்டும் துணிந்து அந்த டயர் போட்ட சைக்கிளை வாங்கினார். 1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் அதில் ஏறினார். அன்று நடந்த நான்கு சைக்கிள் பந்தயங்களிலும் அவரே முதலில் வந்தார். அதோடு சிரிப்பு அடங்கியது.

அன்று தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்ற டப்ளின் வணிகரின் மகன்களும் இருந்தார்கள். அவர் அயர்லாந்து சைக்கிள் ஓட்டிகள் சங்கத்தின் தலைவர். பிள்ளைகள் எதனால் தோற்றார்கள் என்று விசாரித்தவர், அந்த டயரில் இருக்கும் வியாபாரத்தைக் கண்டுகொண்டார். அந்த ஆண்டின் இறுதிக்குள் டப்ளினில் டயர் கம்பெனி ஒன்று தொடங்கப்பட்டது. டன்லப் தன் காப்புரிமையை ஒப்படைத்துவிட்டு, கம்பெனியில் ஒரு சிறு பங்கு பெற்றுக்கொண்டார்.

கைவிட்டுப் போன காப்புரிமை

இங்கேதான் கதை திரும்புகிறது. காப்புரிமை கிடைத்து இரண்டு ஆண்டு ஆவதற்குள், அது செல்லாது என்று தெரியவந்தது. அவருக்கு 40 ஆண்டுகளுக்கும் முன்பே, 1845ல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியிருந்தார். தொடர்ந்து பிரான்சிலும் அமெரிக்காவிலும் வாங்கினார். லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டியில் மாட்டி ஓட்டியும் காட்டினார். ஆனால் அன்று ரப்பர் விலை அதிகம். அதற்கு ஏற்ற இலகுவான சைக்கிளும் இல்லை. எனவே அவருடைய சக்கரம் ஊர் மறந்த பொருளாகிவிட்டது. தாம்சன் 1873லேயே இறந்துவிட்டார். டன்லப் அவரைப் பற்றி அறியாமலே அதே பொருளை இரண்டாம் முறை கண்டுபிடித்திருந்தார்.

கம்பெனி பிழைத்தது வேறு இருவரின் மூளையால். டன்லப்பின் முதல் டயரைச் சக்கரத்தோடு ஒட்டிக் கட்டிவிடுவார்கள். பஞ்சர் ஆனால் பிரிப்பதே பெரும்பாடு. சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் டயரின் விளிம்பில் கம்பி வளையம் வைத்து, கழற்றி மாட்டும்படி செய்தார். வில்லியம் எர்ஸ்கின் பார்ட்லெட் என்பவரும் வேறு வழியில் அதைச் சாதித்தார். இருவருடைய காப்புரிமைகளையும் கம்பெனி வாங்கிக்கொண்டது. இன்று டயர் கடையில் உங்கள் டயரை ரிம்மிலிருந்து கழற்றும்போது பாருங்கள். உள்விளிம்பில் ஒளிந்திருக்கும் கம்பி வளையம் வெல்ச் காட்டிய வழியில் வந்தது.

அதன் பிறகு கம்பெனியில் டன்லப்பின் குரல் மெல்லத் தேய்ந்தது. 1890களின் நடுவில் அவர் விலகிவிட்டார். 1896ல் டு குரோ அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுண்டுக்கு விற்றார். வாங்கிய எர்னஸ்ட் ஹூலி கொஞ்ச நாளிலேயே அதை 50 லட்சம் பவுண்டு மதிப்பில் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இந்தப் பெருஞ்செல்வத்தில் டன்லப்புக்குப் பெரிய பங்கு எதுவும் வரவில்லை. தாடி வைத்த அவருடைய முகம் மட்டும் கம்பெனியின் அடையாளமாக உலகமெல்லாம் சுற்றியது.

அவர் டப்ளினில் அமைதியாக வாழ்ந்தார். 1921 அக்டோபர் 23 அன்று, 81 வயதில் காலமானார். காற்று டயரின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதி வைத்த புத்தகம் அவர் இறந்த பிறகே அச்சானது.

பெயர் போன தூரம்

பெயரோ வெகுதூரம் போனது. 1950களில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் வென்றபோது, அவற்றின் கீழே உருண்டவை டன்லப் டயர்கள். அந்தப் பந்தயத் தடத்தின் மேலே டயர் வடிவில் நிற்கும் நடைபாலத்துக்கும் அவர் பெயர்தான். நம் நாட்டில் மேற்கு வங்கத்தின் சாஹாகஞ்சிலும், நம் சென்னை அம்பத்தூரிலும் டன்லப் தொழிற்சாலைகள் இருந்தன. அம்பத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். இரண்டு ஆலைகளும் பின்னாளில் ஓய்ந்தன.

தமிழருக்கு இந்தக் கதையில் இன்னொரு உறவும் உண்டு. முதலில் சைக்கிள் டயருக்கும், பிறகு கார் டயருக்கும் ரப்பர் தேவை ஏறிக்கொண்டே போனபோது, மலாயாவில் காட்டை அழித்து ரப்பர் தோட்டங்கள் போட்டார்கள். அங்கே பால் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் நம் ஊர் ஏழைகள். பெல்ஃபாஸ்ட் முற்றத்தில் உருண்ட ஒரு சக்கரம், தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைக் கடல் தாண்டி உருட்டிக்கொண்டு போனது.

டயர் உலகில் பெயரும் ஆளும் பிரிந்து போனது டன்லப் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையைத் தந்த அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் 1860ல் கடனாளியாக இறந்தார். அவர் பெயரில் டயர் கம்பெனி தொடங்கியது 1898ல். அதற்கும் அவர் குடும்பத்துக்கும் தொடர்பே இல்லை.

இனி உங்கள் கார்

ஆகவே டயரில் பெரிதாக எழுதியிருக்கும் பெயர், அதைக் கண்டுபிடித்தவரைப் பற்றியும் முழு உண்மை சொல்வதில்லை, அந்த டயரைப் பற்றியும் சொல்வதில்லை. ஒரே கம்பெனி மிருதுவான பந்தய டயரும் செய்யும், நீண்ட நாள் உழைக்கும் சாதாரண டயரும் செய்யும். உண்மையைச் சொல்பவை பக்கவாட்டில் பொடியாக அச்சிட்டிருக்கும் எழுத்துகள். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, 225/45 ஆர் 17 94 டபிள்யூ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயரின் அகலம் 225 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வரை தாங்கும். வி என்றால் 240, ஒய் என்றால் 300. நம் சாலையில் யார் 270ல் போகப் போகிறார்கள் என்று நினைத்து, குறைந்த எழுத்துள்ள டயரை வாங்காதீர்கள். டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதும் அந்த எழுத்தில் அடங்கியிருக்கிறது. காரின் கையேடும் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் சீட்டும் சொல்லும் எடைக்கும் வேகத்துக்கும் கீழே இறங்கக் கூடாது.

அடுத்து வயது. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. ஸ்போர்ட்ஸ் கார்காரர்களுக்கு இது மிக முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் காரில் டயர் தேயாது, ஆனால் வயதாகும். பார்வைக்குப் புதிதாக இருக்கும் டயரில் ரப்பர் இறுகிப்போய், மழையில் பிடிப்பு குறைந்திருக்கும். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆன டயரை ஆண்டுக்கு ஒருமுறை காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு ஆனதைத் தயங்காமல் மாற்றுங்கள். பள்ளங்களின் அடியில் இருக்கும் சிறு மேடு, தேய்மான அடையாளம். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் அது மொட்டைதான்.

மூன்றாவது, உங்கள் சாலை. டன்லப் டயர் செய்தது பெல்ஃபாஸ்ட் கருங்கல்லுக்காக. நீங்கள் வாங்க வேண்டியது உங்கள் தெருவுக்காக. பள்ளங்கள் குறைந்த, பந்தயத் தடத்துக்கென்றே செய்த டயர்கள் காய்ந்த சாலையில் அபாரமாகப் பிடிக்கும். ஐப்பசி மழையில் சாலையில் தேங்கிய நீரில் அவை மிதந்து வழுக்கும். டயரின் பள்ளங்கள் இருப்பதே தண்ணீரை வெளியே தள்ளத்தான். பனி பெய்யும் நாடுகளுக்கான குளிர்கால டயர் நமக்குத் தேவையே இல்லை. மழையிலும் நன்றாகப் பிடிக்கும் கோடைகால ஸ்போர்ட்ஸ் டயரே நம் ஊருக்குப் பொருத்தம். அழகுக்காகப் பெரிய ரிம்மும் மெல்லிய பக்கச் சுவரும் போட்டால், குழியில் விழும்போது அடியை வாங்கக் காற்று இருக்காது. ரிம் வளைந்துவிடும்.

நான்காவது, ஜோடி. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு. இடம் மாற்றிப் போட முடியாது. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியோ, வெளிப்பக்கம் எது என்று காட்டும் குறியோ இருந்தால், மாட்டி முடித்ததும் நீங்களே குனிந்து சரிபாருங்கள். சில கார் கம்பெனிகள் தங்கள் காருக்கென்று சோதித்த டயரில் தனிக் குறி போடச் சொல்கின்றன. போர்ஷே டயரில் என் என்ற எழுத்தோடு ஓர் எண், பி.எம்.டபிள்யூ. டயரில் நட்சத்திரம். அந்தக் குறி இருந்தால் அதே வகையைக் கேளுங்கள். நான்கு சக்கரமும் ஒரே அளவாக இருந்து, இரண்டை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், புதியவை பின்னால் இருக்கட்டும். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது கடினம். நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி போகும் காராக இருந்தால், இரண்டை மட்டும் மாற்றலாமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேர்வு இரண்டு மூன்று டயருக்குள் வந்துவிட்டதா? அப்போது டன்லப் செய்ததைச் செய்யுங்கள். நீங்களே உருட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ஒரே கார், ஒரே தடம், ஒரே ஈரம் என்று வைத்து டயர்களை ஒப்பிடும் சோதனைகளை மோட்டார் பத்திரிகைகள் வெளியிடுகின்றன. உங்கள் அளவில், ஈரத்தில் பிரேக் அடித்தால் எது சீக்கிரம் நிற்கிறது என்பதை அதில் தேடுங்கள். டயரில் உள்ள தேய்மான எண்ணை ஒரே கம்பெனியின் இரு வகைகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியே இடுவதால், இரு கம்பெனிகளுக்கு இடையே அது சரியான அளவுகோல் ஆகாது.

கடைசியாக ஒன்று. அந்த முற்றத்தில் வென்றது ரப்பர் அல்ல, உள்ளே இருந்த காற்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரும் காற்று குறைந்தால் வீண்தான். மாதம் ஒருமுறையாவது, கார் ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் காற்றின் அளவைப் பாருங்கள்.

அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது எந்தக் கம்பெனி நல்லது என்று தொடங்காதீர்கள். என் காருக்கு, என் சாலைக்கு, இந்த மழைக்கு எது என்று கேளுங்கள். டன்லப் தன் மகனுக்காக யோசித்ததும் அதுதான்: இந்தப் பையன், இந்த வண்டி, இந்தத் தெரு. உங்கள் காரிலும் உங்கள் பிள்ளைகள்தான் உட்காருகிறார்கள். பருவமழைக்கு முன் ஒரு நாள் காலையில் கீழ்த்தளத்துக்கு இறங்கி, உங்கள் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.